பொன் உருளையும் கருங்கல்லும்

திருப்பூணித்துறையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சுவர் வெட்டுக்கல்லால் ஆனது. பிழைப்பை நாடி என் தந்தையார் தென்காசியிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தபோது எனக்கு வயது ஒன்பது. அன்று முதல் பார்த்துப் பழகிய அந்தச் சிவந்த கல்லையே முதுகலை ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அதிலுள்ள இரும்பு, பழங்காலத்துப் பூகாந்தத்தின் திசையைச் சொல்லும் என்று நம்பினேன். ஆறு மாதம் அளந்தேன். ஒரு கல் கிழக்கைக் காட்டிற்று. அதே குழியில் வெட்டிய பக்கத்துக் கல் மேற்கைக் காட்டிற்று. கண்ட பலன் பூஜ்யம்! இதை எழுதிக் கொடுப்பதா, வேறு பொருளைத் தேடுவதா என்று மனங்குழம்பிக் கிடந்த நாட்களில்தான் பாட்ரிக் பிளாக்கெட்டின் வரலாற்றைப் படித்தேன். அதை மன்றத்துத் தோழர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பிளாக்கெட் 1897இல் லண்டனில் பிறந்தார். இளமையிலேயே கடற்படைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பதினேழு வயதில் பாக்லந்துத் தீவுப் போரையும், 1916இல் ஜட்லந்துப் போரையும் கண்டார். போர் ஓய்ந்தபின், 1919இல், சில மாதப் படிப்புக்கென்று கடற்படையே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிற்று. போனவர் திரும்பவில்லை! பௌதிகம் அவரைப் பிடித்துக்கொண்டது. ரூதர்போர்டின் கீழிருந்து முகில் அறையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றுள் எட்டே எட்டுத் தடங்கள், நைட்ரஜன் அணு வேறோர் அணுவாக மாறுவதைக் காட்டின. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளிடமிருந்து கப்பல்களைக் காக்கும் வழியைக் கணக்கிட்டுச் சொன்னார். 1947 ஜனவரியில் டெல்லியில் கூடிய விஞ்ஞானக் காங்கிரசுக்கு வந்து நேருவின் நண்பரானார். 1948இல் நோபல் பரிசும் வந்தது.

அவருக்குப் பெயர் தந்தவை இவை. என் நெஞ்சைத் தொட்டதோ அவர் தோற்ற கதை.

1947இல் அவர் துணிந்த கொள்கை ஒன்றை வெளியிட்டார். சுழலும் பெரும்பொருள் எதுவாயினும், சுழற்சியினாலேயே அதற்குக் காந்தம் உண்டாகிறது என்றார். பூமி, சூரியன், ஒரு விண்மீன் ஆகிய மூன்றின் கணக்கும் அதற்கு ஒத்துவந்தன. மெய்யாயின் எத்துணைப் பெரிய கண்டுபிடிப்பு! சோதிப்பதற்காகப் பாங்க் ஆப் இங்கிலாந்திலிருந்து பொன் இரவல் வாங்கினார். பத்து சென்டிமீட்டர் உயரமும் அதே அளவு விட்டமும் கொண்ட உருளை. எடை 15 கிலோகிராம். ஜோட்ரல் பாங்க் என்னுமிடத்தில், காந்தம் கலவாத பொருள்களால் குடிசை கட்டி, நூலில் தொங்கும் சிறு காந்தங்களாலான நுட்பமான கருவி ஒன்றை அமைத்தார். பூமியோடு சேர்ந்து சுழலும் அப்பொன்னிலிருந்து மிக நுண்ணிய காந்தம் வெளிப்பட வேண்டும். வெளிப்படவில்லை. கொள்கை வீழ்ந்ததென்று 1952இல் அவரே நீண்ட கட்டுரை எழுதி, எதிர்மறைச் சோதனை என்பதைத் தலைப்பிலேயே குறித்தார். நோபல் பரிசு பெற்றவர் எழுதியது அது!

பொன் திரும்பிப் போயிற்று, கருவி நின்றது. அதில் பாறைத் துண்டுகளை வைத்தார் பிளாக்கெட்.

எரிமலைக் குழம்பு குளிரும்போது, வெப்பம் சுமார் 580 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், அதிலுள்ள மாக்னடைட் துகள்கள் அப்போதைய பூகாந்தத்தின் திசையைப் பற்றிக்கொள்கின்றன. காந்த ஊசி நிலநடுக்கோட்டில் கிடையாகவும் துருவத்தில் செங்குத்தாகவும் நிற்கும். ஆகவே கல்லில் உறைந்த சாய்வைக் கண்டால் கல் பிறந்த அட்சரேகை தெரிந்துவிடும். சாய்வின் டான்ஜென்ட், அட்சரேகையின் டான்ஜென்ட்டைப்போல் இருமடங்கு, கணக்கு இவ்வளவே.

1954இல் கிளெக் முதலிய அவருடைய துணைவர்கள், இங்கிலாந்தின் பழைய செம்மணற்கல் 34 பாகை திரும்பியிருப்பதைக் கண்டனர். அடுத்து எடுத்தது நம் தக்காணத்துக் கருங்கல். இம்பீரியல் கல்லூரியில் கிளெக், டாய்ச், கிரிபித்ஸ் ஆகிய மூவரும் அளந்து, அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உறைந்த கல்லென்று 1956இல் அறிவித்தனர். இன்றைய கணக்கில் அந்த இடம் ஏறக்குறைய 30 பாகை தெற்கு. 6.6 கோடி ஆண்டுகளில் இந்தியா வடக்கே வந்த தொலைவு சுமார் ஐயாயிரம் கிலோமீட்டர்! ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து வந்ததையே பெரும்பயணமாக என் தாயார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாணவர் ஒருவரையும் இங்கே மறக்கலாகாது. இதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் டெட் இர்விங் என்பவர் சில இந்தியப் பாறைகளை அளந்து, இதே திசையில் குறிப்புக் கண்டிருந்தார். 1954இல் அவர் கொடுத்த ஆராய்ச்சி நூலுக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் பின்னர் இத்துறையின் முதல்வர்களுள் ஒருவரானார்.

பம்பாயில் டாடா ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சகஸ்ரபுத்தே, ராதாகிருஷ்ணமூர்த்தி ஆகியோர் டாய்ச்சோடு சேர்ந்து தக்காணப் பாறைகளை மேலும் ஆராய்ந்து 1959இல் எழுதினர். அவ்வடுக்குகளில் பல, தலைகீழான திசையைக் காட்டுவன. பூகாந்தம் வடக்கு தெற்காகப் புரண்ட காலத்தின் முத்திரை அது. அந்த முத்திரையைக்கொண்டே, அடுக்குகளின் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் கொட்டித் தீர்ந்ததென்று பின்வந்தவர்கள் வயது கணித்தனர்.

கண்டங்கள் நகர்வதை ஐயுற்றவர்கள் அப்போதும் பலர். 1964இல் ராயல் சொசைட்டியில் அதற்கென்றே ஒரு கருத்தரங்கைக் கூட்டியவர்களுள் பிளாக்கெட்டும் ஒருவர். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் தலைவரானார். 1974இல் காலமானார்.

என் வெட்டுக்கல் கணக்கை ஓர் எண்ணும் மாற்றாமல் எழுதி முடித்துவிட்டேன். பலன் இல்லை என்பதை முதற்பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். வழிகாட்டும் பேராசிரியர் இன்னும் படித்துச் சொல்லவில்லை.