தூக்கணாங்குருவியை உட்கார்ந்து கவனித்தவர்

நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டம் வயலில் இறங்கினால் எந்த விவசாயிக்கும் கோபம் வரும். திருவண்ணாமலை பக்கம் பனையிலும் கிணற்றோர ஈச்சமரத்திலும் அதன் கூடுகள் தொங்குவதை நாம் அறிவோம். அந்தக் குருவியை மாதக்கணக்கில் கவனித்து, அதன் வாழ்க்கையை உலகுக்குச் சொன்னவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டை மஞ்சளாக இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அந்தக் கேள்வியே அவர் வாழ்க்கையாயிற்று.

பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்தார். பிறகு ஜெர்மனி சென்று பறவையியல் பயின்றார். திரும்பியபோது வேலை இல்லை. 1930-ல் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கியபோதுதான் தூக்கணாங்குருவியைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்துகிறது. பெட்டை வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே முழுதாக முடிக்கிறது. உடனே அடுத்த பெட்டைக்காக இன்னொரு கூட்டைத் தொடங்குகிறது. 1941-ல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் பலரைப் பறவை பார்க்க வைத்தது.

தமிழ்நாட்டில் அவர் கால் பதித்த முக்கிய இடம் கோடியக்கரை. ஒருபுறம் உப்பளமும் சதுப்பும், மறுபுறம் பசுமைமாறா உலர்காடு. வடதுருவப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் பனிக்காலத்தைக் கழிக்க அங்கே வருகின்றன. அவர் வழிகாட்டுதலில் கழகத்தினர் அங்கே பறவைகளை மெல்லிய வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டனர். வளையமிட்ட பறவை வேறு ஊரில் கிடைத்தால் அதன் பயண வழி தெரியும். 1967-ல் கோடியக்கரை சரணாலயமானது. 1987-ல் சலீம் அலி மறைந்தார். அவர் பெயரில் கோவையில் ஆய்வு மையம் இயங்குகிறது.

விவசாயிகளுக்கு அவர் வாழ்க்கை சொல்வது ஒன்றுதான்: பறவையை விரட்டும் முன் அது என்ன தின்கிறது என்று பாருங்கள். மணி கொத்தும் தூக்கணாங்குருவி தன் குஞ்சுக்குப் புழுவையும் வெட்டுக்கிளியையும் ஊட்டுகிறது. இரட்டைவால் குருவி பூச்சியையே நம்பி வாழ்கிறது. நட்ட வயலில் பறவை தாங்கிகள் வையுங்கள். பால் பிடிக்கும் பருவத்தில் அவற்றை எடுத்துவிட்டு, மின்னும் நாடா கட்டுங்கள். சேதம் அந்தச் சில வாரங்களில்தான். மற்ற நாளெல்லாம் பறவை நமக்குக் கூலி கேட்காமல் வேலை செய்கிறது.