மூன்றில் ஒரு பங்கு
(ராட் செர்லிங் என்னும் தொலைக்காட்சி நாடகாசிரியரின் வாழ்வு)

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் நான் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்று அரங்கேறியது. போருக்குச் சென்ற மகனை எண்ணிக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை அது. அவையினர் கண் கலங்குவர் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ சிரித்தார்கள்! தாய் நெடுநேரம் பேசிய இடத்தில் சிரித்தார்கள். மகன் இறந்த செய்தி வந்த இடத்தில் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். திரைக்குப் பின்னே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்ட நான், இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று அன்றிரவே உறுதி பூண்டேன்.

அவ்வுறுதி குலைந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். குலைத்தவர் ஓர் அமெரிக்கர். 1975-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டவர். ராட் செர்லிங் என்பது அவர் பெயர்.

விடுதி அறையில் ஒரு வழக்கு

அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட நாங்கள் நால்வர், ‘ட்வைலைட் ஜோன்’ என்னும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மடிக்கணினியில் பார்க்கத் தொடங்கினோம். அந்தி மயங்கும் வெளி என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். 1959 அக்டோபர் 2-ஆம் நாள் சி.பி.எஸ். ஒளிபரப்பில் தொடங்கி 1964 வரை ஐந்து பருவங்கள் வந்த தொடர் அது. மொத்தம் 156 பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு தனிக்கதை. அவற்றுள் 92 கதைகளை எழுதியவர் செர்லிங். கதைக்கு முன்னும் பின்னும் கணீரென்ற குரலில் இரண்டொரு வரி பேசுபவரும் அவரே.

தொடரின் சிறந்த பகுதிகள் எவை என்பதில் எங்களுக்குள் சண்டையே எழவில்லை. ஒரு தெருவில் விளக்குகள் அணைந்ததும், அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஐயுற்று வெறிபிடித்துத் தாக்கிக்கொள்ளும் ‘மேப்பிள் தெரு’ கதையை யார் குறை சொல்ல முடியும்? ஆனால், மிக மட்டமான பகுதி எது என்ற கேள்வி பிறந்ததுதான் தாமதம், அறை இரண்டுபட்டது, இல்லை, நான்குபட்டது!

தேவதூதர் கதைகளே மட்டம் என்றான் ஒருவன். 1960-இல் வந்த ‘மிஸ்டர் பெவிஸ்’ கதையில் காவல் தேவதூதர் ஒருவர் ஓர் அப்பாவியின் வாழ்க்கையைச் செல்வச் செழிப்பாக்குகிறார். அவனோ பழைய வாழ்க்கையே போதும் என்கிறான். 1962-இல் வந்த ‘கேவெண்டர் இஸ் கமிங்’ கதையிலும் ஏறத்தாழ அதே நிகழ்ச்சி. அப்பாவி மட்டும் பெண். போதாக்குறைக்கு, பதிவு செய்த சிரிப்பொலியையும் இடையிடையே சேர்த்திருந்தார்கள்.

சூரியன் உதிக்க மறுக்கும் கதையே மட்டம் என்றான் மற்றொருவன். 1964 மார்ச்சில் வந்தது அது. தூக்குத் தண்டனை நாளன்று ஓர் ஊரில் பொழுது விடியவே இல்லை. அவ்விருள் மக்களின் வெறுப்பு என்று பாத்திரங்களே மாறி மாறிச் சொற்பொழிவு ஆற்றிவிடுகின்றன. நாடகம் பார்க்க வந்தவனுக்கு மேடைப்பேச்சா என்பது அவன் வாதம்.

மூன்றாமவன் ‘தி பார்ட்’ என்ற கதையைக் காட்டினான். 1963 மே மாதம் வந்த ஒரு மணி நேரக் கதை. எழுத்துத் திறமை சிறிதும் இல்லாத ஒருவன் மந்திரத்தால் ஷேக்ஸ்பியரையே வரவழைத்துத் தொலைக்காட்சி நாடகம் எழுத வைக்கிறான். அரை மணியில் சொல்ல வேண்டிய நகைச்சுவையை இழுத்துவிட்டார்கள் என்று அவன் பொருமினான்.

நானோ இம்மூன்றையும் செர்லிங் எழுதியே இருக்கக் கூடாது என்றேன். மேப்பிள் தெருவை எழுதிய கை இவற்றை எழுதலாமா? யானைக்கும் அடி சறுக்கும் என்று நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். என் மனம் அமைதி அடையவில்லை. என் நாடகத்தைக் கேட்டுச் சிரித்தவர்களின் இடத்தில் இப்போது நானே அமர்ந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. அந்த மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இளமையும் போர்க்களமும்

செர்லிங் 1924 டிசம்பர் 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்துப் பிங்ஹாம்டன் என்னும் சிற்றூரில். அவ்வூர்ப் பூங்காவின் இராட்டினம் பின்னாளில் அவருடைய கதையொன்றில் வந்து சுழல்கிறது. 1943-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் படையில் சேர்ந்து பாராசூட் வீரரானார். உயரமோ ஐந்தடி நான்கு அங்குலம். துடிப்போ ஆளை மீறியது. படை முகாமில் குத்துச்சண்டையும் போட்டார்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஜப்பானியரோடு நடந்த போரில் அவர் கண்டவை கொடியவை. விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போடுகிறார்கள். பசித்திருந்த வீரர்கள் மகிழ்ந்து ஆரவாரிக்கிறார்கள். வேடிக்கை பேசிக்கொண்டிருந்த தோழன் ஒருவன் மேல் ஒரு பெட்டி விழ, அவன் அங்கேயே மாண்டு போகிறான். பகைவன் குண்டுக்குத் தப்பியவனை உணவு கொன்றது! விதியின் இந்தக் குரூர நகைச்சுவையே பின்னாளில் அவர் கதைகளின் முடிவுகளில் தலைகாட்டுகிறது என்று எனக்குப் படுகிறது. அவரும் முழங்காலில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமுற்றார். 1945-இல், அவர் கடல் கடந்த படையில் இருக்கும்போதே, தந்தை மாரடைப்பால் இறந்தார். மகன் அருகில் இல்லை.

போர் முடிந்ததும் ஒஹையோ மாநிலத்து ஆன்டியாக் கல்லூரியில் சேர்ந்தார். 1948-இல் கரோல் கிராமர் என்னும் உடன்பயின்ற மாணவியை மணந்தார். கையில் காசில்லை. புதிய பாராசூட்டுகளைச் சோதித்துப் பார்க்க விமானத்திலிருந்து குதித்தால் குதிப்புக்கு 50 டாலர் கிடைக்கும். குதித்தார்! 1950-இல் பட்டம் பெற்றுச் சின்சினாட்டி வானொலி நிலையத்தில் எழுத்துப் பணி பார்த்தார். பகலில் நிலையத்துக்கு எழுதினார்; இரவில் தமக்காக எழுதினார். அனுப்பிய நாடகங்கள் அடுக்கடுக்காகத் திரும்பி வந்தன. அவர் நிறுத்தவில்லை.

ஒரே இரவில் வந்த புகழ்

1955 ஜனவரி 12 அன்று ‘பேட்டர்ன்ஸ்’ என்னும் அவருடைய நாடகம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. பெரிய வணிக நிறுவனம் ஒன்றில் மூத்தவரை நசுக்கி இளையவரை ஏற்றும் கொடுமையைச் சொன்ன நாடகம். ஒளிப்பதிவு பரவலாகாத காலம் அது. ஒருமுறை நடித்தது காற்றோடு போய்விடும். ஆயினும் மக்கள் விரும்பிக் கேட்டதால், நடிகர்கள் திரும்பக் கூடி நான்கே வாரத்தில் மறுபடி நடித்தார்கள். எம்மி பரிசு கிடைத்தது. மறு ஆண்டு, ஓய்வு பெறும் குத்துச்சண்டை வீரன் ஒருவனின் அவலத்தைச் சொன்ன ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ இன்னொரு எம்மியைக் கொண்டு வந்தது.

இங்கேதான் நான் முதல் பாடம் கற்றேன். புகழ் வந்ததும் செர்லிங்கின் பெட்டியில் கிடந்த பழைய நாடகங்களையெல்லாம் கேட்டு வாங்கினார்கள். அவரும் கொடுத்தார். அவற்றுள் பல தரம் குறைந்தவை. குறையுள்ள எழுத்து அவருக்குத் தொலைக்காட்சித் தொடரோடு வந்ததன்று. தொடக்கத்திலிருந்தே உடன் நடந்து வந்தது.

விளம்பரதாரரின் கத்தரி

1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் விடுதலையானார்கள். செர்லிங் இதனை நாடகமாக்க முனைந்தார். ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்ற பெயரில் 1956 ஏப்ரலில் அது ஒளிபரப்பானபோது, அவர் எழுதியதில் என்ன மிஞ்சியிருந்தது? கொல்லப்பட்டவன் எந்த நாட்டான் என்றே தெரியாத ஓர் அயலான் ஆனான். கதை நிகழும் இடம் தெற்கிலிருந்து வடகிழக்குக்கு மாறிற்று. தென்மாநில வாடை வீசுமென்று அஞ்சிக் கோக்கோகோலா புட்டிகளைக்கூட அரங்கிலிருந்து அகற்றினார்கள். 1958-இல் வேறொரு நாடகத்தில் அதே பொருளை மீண்டும் தொட்டார். அதுவும் முந்திய நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டது. கொல்லப்படுபவன் மெக்சிகனாக மாற்றப்பட்டான்.

செனட் சபையைப் பற்றி எழுதிய நாடகத்திலும் அன்றைய அரசியல் சிக்கல் எதையும் பேச அவரை விடவில்லை. இதற்கு நூறாண்டு கழித்து இயந்திர மனிதர் கூடும் சபையாகவே எழுதியிருக்கலாம் என்று அவர் நொந்துகொண்டார். அந்த நோவிலிருந்தே ‘ட்வைலைட் ஜோன்’ பிறந்தது எனலாம். வேற்றுக் கோளில் நடப்பதாகச் சொன்னால் விளம்பரதாரர் கண்டுகொள்ள மாட்டார். பார்ப்பவர் கண்டுகொள்வார் அன்றோ!

மட்டமானவை பிறந்த வகை

ஆனால் தொடர் என்பது வாரந்தோறும் வாய் திறக்கும் பூதம். முதல் பருவத்தில் மட்டும் 36 பகுதிகள். அவற்றில் பெரும்பாலானவற்றைச் செர்லிங்கே எழுத வேண்டியிருந்தது. ரிச்சர்ட் மாத்தீசன், சார்லஸ் போமான்ட் போன்ற நல்ல எழுத்தாளர்கள் துணை நின்றார்கள். என்றாலும் பாரத்தில் பெரும்பகுதி அவர் தோள்மேல்தான். ஒலிப்பதிவுக் கருவியில் வாயால் சொல்லிக்கொண்டே போவார். செயலாளர் தட்டச்சு செய்வார். வாயால் பிறந்த எழுத்தில் பேச்சு மிகுந்ததில் வியப்பென்ன? 1963-இல் நிலையத்தார் அரை மணிக் கதையை ஒரு மணியாக்கினார்கள். நான்காம் பருவத்தின் அந்த 18 பகுதிகளில் பல தொய்ந்து போயின. மறு பருவத்தில் பழைய அளவுக்கே திரும்பினார்கள்.

இப்போது எங்கள் விடுதி வழக்குக்கு வருகிறேன். தேவதூதர் கதைகள் இரண்டும் புதிய நகைச்சுவைத் தொடர்களுக்கு முன்னோட்டமாக எடுக்கப்பட்டவை. அந்தத் தொடர்கள் பிறக்கவே இல்லை. நகைச்சுவை செர்லிங்குக்கு எளிதில் கைவரவில்லை. ஆயினும் விடாமல் முயன்றார். பேஸ்பால் ஆடும் இயந்திர மனிதனைப் பற்றிய ‘தி மைட்டி கேஸி’ என்ற நகைச்சுவைக் கதையில் நடித்த பால் டக்ளஸ், படப்பிடிப்பின்போதே உடல் நலிந்திருந்து 1959 செப்டம்பரில் இறந்துபோனார். நலிந்த முகத்தைக் காட்டி மக்களைச் சிரிக்கச் சொல்லலாமா? வேறு நடிகரை வைத்து மறுபடி படமெடுக்கச் செர்லிங் தம் நிறுவனத்தின் பணத்தையே செலவிட்டார். அப்படிக் காப்பாற்றிய பின்னும் அது சிறந்த பகுதியாகவில்லை. மட்டமான ஒன்றுக்கும் அவர் முழு விலை கொடுத்தார் என்பதே இங்கு நான் கண்டது.

சூரியன் உதிக்காத கதை, 1963 நவம்பரில் அதிபர் கென்னடி கொலையுண்ட சில மாதங்களுக்குள் வந்தது. கதையின் முடிவில், டல்லாஸ் தெருவிலும் பர்மிங்ஹாமிலும் பெர்லின் சுவரின் மேலும் அதே இருள் கவிந்திருப்பதாக வானொலி சொல்கிறது. அது மேடைப்பேச்சுத்தான், மறுக்கவில்லை. ஆனால் கோக்கோகோலா புட்டியைக்கூட மேடையில் வைக்க விடாமல் எட்டாண்டுகளுக்கு முன் வாயடைக்கப்பட்டவர், இப்போது ஊர்ப் பெயரைச் சொல்லியே பேசுகிறார்!

‘தி பார்ட்’ கதையோ எனக்கு இன்னும் வியப்பூட்டியது. ஷேக்ஸ்பியர் எழுதியதை விளம்பரதாரர் வெட்டித் திருத்திச் சிதைக்கிறார். ஷேக்ஸ்பியர் நடிகனை அடித்துவிட்டு வெளியேறுகிறார். இது யாருடைய கதை? 1956-ஆம் ஆண்டின் புண்ணை அல்லவா அவர் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்! கதை நீளம், அந்தக் குறை குறையே. எனினும், அவர் வாழ்வை அறியாமல் அதை முழுதும் பார்த்தேன் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

தமக்குத் தாமே நீதிபதி

இவ்வளவும் படித்த பின், என் வாதத்தை அடியோடு சாய்த்த செய்தி ஒன்று கிடைத்தது. தொடரில் மூன்றில் ஒரு பங்கு மிக நல்லவை, ஒரு பங்கு பரவாயில்லாதவை, ஒரு பங்கு மட்டமானவை என்று செர்லிங்கே கணக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரவெல்லாம் விழித்திருந்து வாதாடிய வழக்கில் ஆசிரியர் முன்னமே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்! அதுவும், எங்களைவிடக் கடுமையாக. அப்படி மட்டமென்று அறிந்தும், அடுத்த வாரக் கதையை அவர் எழுதினார்.

தொடர் 1964 ஜூனில் முடிந்தது. தம் உரிமையைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கே விற்றுவிட்டார், பின்னாளில் மறுஒளிபரப்பில் வந்த பெரும் பொருள் அவர் குடும்பத்துக்குக் கிட்டவில்லை. 1968-இல் வந்த ‘பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்’ திரைப்படத்துக்கு மைக்கேல் வில்சனோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். 1970 முதல் 1973 வரை ‘நைட் கேலரி’ தொடரில் தோன்றினார். ஆனால் அதில் முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இல்லை. இறுதி ஆண்டுகளில் இத்தாக்கா கல்லூரியில் மாணவருக்கு எழுத்துக்கலை கற்பித்தார். புகைப்பழக்கம் உடலை அரித்துவிட்டது. 1975 ஜூன் 28 அன்று, இதய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து ராச்செஸ்டர் நகரில் உயிர் நீத்தார். வயது ஐம்பதுதான். பெற்ற எம்மி பரிசுகள் ஆறு.

நிறைவாக

யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழி செர்லிங்குக்குப் பொருந்தாது என்று இப்போது நினைக்கிறேன். சறுக்கல் என்பது தவறி நிகழ்வது. அவரோ சறுக்கும் என்று தெரிந்தே அந்தச் சரிவில் நாள்தோறும் ஏறினார். சறுக்கிய இடங்களை ஒளிக்கவும் இல்லை. அவற்றுக்காக ஏறுவதை நிறுத்தவும் இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கை எழுத அஞ்சியிருந்தால், மேப்பிள் தெருவும் நமக்குக் கிடைத்திருக்காது.

சென்ற மாதம் என் நாடகக் கையெழுத்துப் படியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். தாயின் பேச்சு நான்கு பக்கம்! மகன் இறந்த செய்தியைக் கேட்ட பின்னும் அவள் போரின் தீமைகளை வரிசையாக எண்ணிக் காட்டுகிறாள். எந்தத் தாய் அப்படிப் பேசுவாள்? அவையினர் தாயைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் வாயில் நுழைந்துகொண்டு பேசிய என்னைப் பார்த்தே சிரித்தார்கள். நான்கு பக்கத்தையும் அடித்துவிட்டு, வாசலில் நின்று அவள் தபால்காரரை உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வதாக ஒரே வரி எழுதினேன்.

அதை விடுதி நண்பர்கள் மூவருக்கும் படித்துக் காட்டினேன். முடிவு நன்று, நடுப்பகுதி மட்டம் என்று ஒருவன் சொன்னான். இல்லை, தொடக்கமே மட்டம் என்றான் மற்றவன். வழக்கு நள்ளிரவுவரை நடந்தது. நான் ஒரு பக்கமும் சேராமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.