வள்ளல் பச்சையப்பர்

கண்டி மாநகரில் இராஜாதி இராஜசிங்கன் அரசு புரிந்த நாளில், கடலுக்கு அப்பால் சென்னையில் பெருஞ்செல்வராய் விளங்கியவர் பச்சையப்ப முதலியார். 1754ஆம் ஆண்டு பிறந்த அவர் தந்தை முகம் கண்டவரல்லர். தாயார் கருவுற்றிருந்த காலத்திலேயே தந்தையார் விசுவநாத முதலியார் காலமானார். பிற்பாடு அக்குடும்பத்தைக் காத்து, பச்சையப்பரை வணிகத்திற் பழக்கி ஆளாக்கியவர் நாராயண பிள்ளை என்னும் உத்தமர். தகப்பனற்ற குழந்தைக்கு நம்பத்தக்க ஒருவர் கிடைத்தது தெய்வச் செயலே.

துபாஷித் தொழிலாற் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்பர், 1794 மார்ச் மாதத்தில் நோயுற்றபோது மரண சாசனம் எழுதி, சிவாலய பூசைக்கும் தருமங்களுக்கும் பொருள் ஒதுக்கினார். சில நாட்களில், 40ஆம் வயதில், திருவையாற்றிற் சிவபதம் எய்தினார்.

ஆயினும் சாசனம் மாத்திரம் போதவில்லை. சொத்துக்கு உரிமை கோரி வழக்குகள் எழுந்தன. தருமம் நெடுங்காலம் தடைப்பட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும் பொருள் மீண்டது. கோயிற் கைங்கரியத்துக்குப் போக எஞ்சியதைக்கொண்டு, 1842இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் எத்தனை சிறுவர் கல்வியின்றி வளர்ந்தனரோ!

பெரியோர்களே, இலங்கையில் 1917ஆம் ஆண்டு முதல் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் உண்டு. உடல்நலம் உள்ளபோதே சாசனத்தைத் தெளிவாக எழுதுங்கள். பிள்ளைகளின் பொருளைக் காக்க நேர்மையாளரை நியமியுங்கள். கணக்குக் கேட்கவும் ஒருவரை வையுங்கள். இளைஞர்களே, அப்பொறுப்பு உங்களை நாடி வருமாயின், நாராயண பிள்ளையைப்போல் நின்று காப்பீர்களாக!