டென்னிஸ் பந்து பொறுக்கிய ஒழுகினசேரி பையன், கொடுத்துச் சிவந்த கலைவாணர் ஆன கதை

நாகர்கோவில்:

தமிழ் சினிமாவில் எத்தனையோ காமெடி நடிகர்கள் வந்தார்கள். கைதட்டல் வாங்கினார்கள். போனார்கள். ஆனால் செத்து 60 வருஷம் தாண்டியும், நம்ம வீட்டு ஆள் என்று ஏழை ஜனங்கள் உரிமையோடு பேசுவது சிலரைத்தான். அதில் முதல் வரிசையில் இருப்பவர், குமரி மாவட்டம் தந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

அவரது படங்களைத் தியேட்டரில் பார்த்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இருந்தும் அவர் பேர் மறையவில்லை. அதற்கு அவரது நடிப்பு மட்டும் காரணம் அல்ல. அவர் வாழ்ந்த விதமும்தான் காரணம்.

பந்து பொறுக்கிய சிறுவன்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். வீட்டில் பிள்ளைகள் அதிகம். அதனால் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்னு போச்சு.

சின்ன வயசிலேயே வேலைக்குப் போனார். டென்னிஸ் விளையாடுகிற இடத்தில், பெரிய மனுஷர்கள் அடிக்கும் பந்தை ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. சாயங்காலம் ஆனால் நாடகக் கொட்டகைக்குப் போய் தின்பண்டம் விற்றார்.

விற்க வந்த பையனின் கண் முழுக்க மேடை மீதே இருந்தது. வில்லுப்பாட்டிலும் ஆசை வந்தது. தென் மாவட்டத்துக் கோவில் கொடைகளில் ராத்திரி முழுக்க ஜனங்களை உட்கார வைப்பது வில்லுப்பாட்டு. கதை சொல்லிக்கொண்டே சிரிக்க வைக்கும் வித்தையை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். எந்த வேஷம் கொடுத்தாலும் போட்டார். ஒரு நடிகர் வராவிட்டால் அந்த வேஷத்தையும் போட்டார்.

சினிமா பிரவேசம்

1935-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா' படம் வெளிவந்தது. அதில் கிருஷ்ணன் நடித்தார். அடுத்த வருஷமே எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்ட் செய்த 'சதிலீலாவதி'யிலும் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு முதல் படம் அதுதான். சின்ன வேடங்களில் அலைந்துகொண்டிருந்த எம்.ஜி.ஆருக்கு அண்ணன் மாதிரி புத்தி சொல்லி, தைரியம் கொடுத்தவர் கிருஷ்ணன்.

1936-ல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக புனாவுக்குப் போனபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் சினிமாவிலும், வாழ்க்கையிலும் ஜோடி ஆனார்கள். கிருஷ்ணன் - மதுரம் பேர் போஸ்டரில் இருந்தாலே டிக்கெட் கவுண்ட்டரில் கூட்டம் முண்டியடிக்கும் என்ற நிலை வந்தது.

தன் காமெடியை அவரே யோசித்து, அவரே அமைத்தார். ஊனத்தைக் கிண்டல் செய்வது, அடித்துச் சிரிக்க வைப்பது எல்லாம் அவரிடம் கிடையாது. மூடநம்பிக்கை, குடி, ஜாதி வித்தியாசம் இவற்றைத்தான் சிரிப்பால் அடித்தார். யார் மனசும் நோகாது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு யோசிக்க வைக்கும்.

பொய்யே பேசாத அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, பொய்யே பேசும் ராஜா கதையாக 1941-ல் வந்த 'சந்திரஹரி'யில் அவர் நடித்தது, அந்தக் காலத்தில் புதுமையாகப் பேசப்பட்டது.

ஜெயில் வாசம்

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியாகி சக்கைப்போடு போட்டது. அதில் கிருஷ்ணனும், மதுரமும் நடித்திருந்தனர். புகழின் உச்சியில் இருந்த அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

நடிகர், நடிகைகளைப் பற்றி அந்தரங்கமாக எழுதி வந்தவர் 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன். அவர் 1944 நவம்பர் 8-ந்தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சதி செய்ததாக பாகவதர், கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு உள்பட பலர் கைது செய்யப்பட்டனர்.

தமிழ்நாடே பரபரப்பானது. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும், கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளுபடி ஆனது.

அவ்வளவுதான், கிருஷ்ணன் கதை முடிஞ்சு போச்சு என்று சினிமா வட்டாரத்தில் பலரும் பேசினார்கள்.

மதுரம் நடத்திய போராட்டம்

மதுரம் மட்டும் அசரவில்லை. கணவர் ஜெயிலில் இருக்கும்போது கேஸ் நடத்தப் பணம் வேண்டும். நம்பி இருந்த நடிகர், தொழிலாளர்களுக்குச் சோறு போட வேண்டும். என்.எஸ்.கே. பேரிலேயே நாடக சபா நடந்தது. எஸ்.வி.சகஸ்ரநாமம் கூடவே நின்று பொறுப்பைச் சுமந்தார். 'பைத்தியக்காரன்' நாடகம் ஊர் ஊராகப் போடப்பட்டது. டிக்கெட் வாங்கிப் பார்த்த ஜனங்களின் காசும் கேசுக்கு உதவியது.

வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. அப்பீலை மீண்டும் விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இருவரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. 2 வருஷத்துக்கு மேல் ஜெயிலில் போய்விட்டது.

வெளியே வந்த பாகவதருக்கு பழைய மவுசு திரும்பவில்லை. ஆனால் கிருஷ்ணனை ஜனங்கள் விட்ட இடத்தில் இருந்தே ஏற்றுக்கொண்டார்கள். 'பைத்தியக்காரன்' அதே ஆண்டில் படமாக வந்தபோது, ஜெயிலில் இருந்து வந்த அவரைத் திரையில் பார்க்க கூட்டம் அலைமோதியது.

பாகவதரை ராஜாவாக அண்ணாந்து பார்த்தவர்கள், கிருஷ்ணனைத் தங்களில் ஒருவராகப் பார்த்தார்கள். ராஜா கிரீடம் ஒருமுறை விழுந்தால் எடுத்து வைப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பினால் திண்ணையில் இடம் தயாராக இருக்கும்!

1947-ல் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு 'கலைவாணர்' என்ற பட்டத்தைக் கொடுத்தார். பிறகு அந்தப் பட்டமே பேராகிவிட்டது.

கசப்பு இல்லை

செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனவர், மனசு வெறுத்து ஒதுங்கவில்லை. முன்பைவிட அதிகமாக நல்ல விஷயங்களைச் சொன்னார். 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் மதுவிலக்கைப் பேசினார். அதில் அவர் நடத்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம், தாழ்த்தப்பட்ட பையன் படித்து உயர்வதைச் சொன்னது. 1951-ல் 'மணமகள்', 1952-ல் சிவாஜி நடித்த 'பணம்' படங்களை டைரக்ட் செய்தார்.

காந்தி மறைந்தபோது சொந்த ஊரை மறக்கவில்லை. நாகர்கோவிலில் தன் செலவில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பினார். பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்டு தலைவர் ஜீவாவும் அவருக்கு நெருங்கிய நண்பர்தான்.

வருமான வரி அதிகாரி

கலைவாணர் சம்பாதித்தது ஏராளம். சேர்த்து வைத்ததுதான் இல்லை. உதவி கேட்டு வாசலில் வந்தவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

ரசிகர்கள் மத்தியில் ஒரு கதை உலவுகிறது. கணக்குப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக தர்மம் என்றே எழுதி இருந்ததைப் பார்த்த வருமான வரி அதிகாரிக்குச் சந்தேகம் வந்ததாம். சோதிப்பதற்காக ஏழை போல் போய், கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று கேட்டாராம். கலைவாணர் யார், எவர் என்றுகூட விசாரிக்காமல் கொடுக்க முன்வந்தாராம். கிருஷ்ணன் என்ற பேர் தப்பு, கர்ணன் என்று வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம் அந்த அதிகாரி.

டாக்டருக்கு ஓட்டு வேண்டாம்

1957 சட்டசபை தேர்தலில் அண்ணா காஞ்சீபுரத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். பிரசாரத்துக்குப் போன கலைவாணர், டாக்டரைத் திட்டுவார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவரோ, டாக்டர் ரொம்ப நல்லவர், கைராசிக்காரர் என்று புகழ்ந்து தள்ளினார். எல்லாரும் திகைத்து நிற்க, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இப்படிப்பட்ட டாக்டரை சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் இங்கே யார் வைத்தியம் பார்ப்பது? அதனால் டாக்டரை ஊரில் வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்றார். கூட்டம் சிரித்தது. தேர்தலில் அண்ணா ஜெயித்தார்.

கடைசி நாட்கள்

அப்போதே கலைவாணரின் உடம்பு கெட்டுவிட்டிருந்தது. கையிலும் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வரும் எம்.ஜி.ஆர்., அவருக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் நோட்டுக்கட்டை வைத்துவிட்டுப் போவாராம். அதைக் கண்டுபிடித்த கலைவாணர், கொடுக்கிறதைச் சில்லறையாகக் கொடு, இங்கே கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சவுகரியமாக இருக்கும் என்றாராம். இதுவும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி இன்றுவரை வாழும் கதை.

1957 ஆகஸ்டு 30-ந்தேதி சென்னையில் கலைவாணர் காலமானார். வயது 50-ஐக்கூட எட்டவில்லை. கண்ணீர் விட்ட ஜனங்களுக்கு, சொந்தக்காரர் ஒருவரைப் பறிகொடுத்த உணர்வுதான் இருந்தது.

கொடுத்தே அழிந்தார் என்று அவரைச் சிலர் சொல்வதுண்டு. குடும்பத்துக்குக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கலாம் என்பதும் நியாயமான பேச்சுதான். அந்தக் கஷ்டத்தை மதுரமும் வீட்டாரும்தான் தாங்கினார்கள். மதுரம் 1974-ல் மறைந்தார்.

அண்ணா திறந்த சிலை

1969 ஜனவரி 14-ந்தேதி சென்னை தியாகராயநகரில் கலைவாணர் சிலையை முதல்-அமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயோடு போராடிய அண்ணா கலந்துகொண்ட கடைசி பொது நிகழ்ச்சி அது. 3 வாரம்கூட ஆகாமல் பிப்ரவரி 3-ந்தேதி அவரும் மறைந்தார்.

சென்னையில் அரசு அரங்கத்துக்கும் 'கலைவாணர் அரங்கம்' என்று பேர் வைக்கப்பட்டது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார கோட்டையில் இடம் போதாமல், தமிழக சட்டசபையே அங்கே நடந்தது குறிப்பிடத்தக்கது.

இன்றைக்கும் ஒரு நடிகர் சத்தமில்லாமல் யாருக்காவது படிப்புச் செலவுக்கோ, ஆஸ்பத்திரி செலவுக்கோ கொடுத்தால், இவர் அந்தக் கலைவாணர் மாதிரி என்று டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் சொல்கிறார். பந்து பொறுக்கிய ஒழுகினசேரி பையன் சேர்த்து வைத்துவிட்டுப் போன சொத்து அதுதான்.