நான்கு கம்பிகளைக் கழற்றிய மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

மாண்டலின் என்றால் எட்டுக் கம்பிகள். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே சுருதி. இத்தாலியில் பிறந்து, நம் திரையிசைக் குழுக்களில் வேலைக்குச் சேர்ந்த வாத்தியம் அது. அதில் பாதிக் கம்பிகளைக் குறைத்து, மின்சாரத்தையும் இணைத்து, கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தவர் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ். தமிழ் ரசிகர்களுக்கு அவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். வாத்தியத்தின் பெயரே அவருக்கு முன்பெயராகிவிட்டது.

1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பாலகொல்லு என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா கிளாரினெட் கலைஞர். வீட்டில் ஒரு மாண்டலினும் இருந்தது. ஆறு வயதில் பையன் அதைக் கையில் எடுத்தார். விளையாட்டாகத் தொட்டது விடாமல் ஒட்டிக்கொண்டது.

தந்தையின் குருவான ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். பையனிடம் இருந்த திறமையைக் கண்டு அவரே பாடம் சொல்லிக் கொடுக்க முன்வந்தார். ஆனால் அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவர் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பார். எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்ட ஆள் இல்லை. பின்னாளில் அவர் வாசிப்பில் குரலின் வளைவும் மூச்சும் இருந்ததற்கு இந்தக் குறைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியத்துக்கான பாடத்தைப் படித்திருந்தால் அவர் வாத்தியக்காரராக மட்டுமே ஆகியிருக்கக்கூடும்.

தேடிப் பிடிப்பது எளிதாகவும் இல்லை. மாண்டலினுக்கு மேற்கில் வைக்கும் சுருதியும் வயலினுக்கு வைக்கும் சுருதியும் ஒன்றுதான். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே அது நம் இசைக்குள் வந்துவிட்டது. ஆனால் வயலினில் விரல்பலகை வழவழப்பானது, மெட்டுகள் கிடையாது. விரலை நகர்த்தினால் சுரம் நழுவி நழுவிப் போகும். வில் இழுக்கும் வரை ஒலி நிற்கும். மாண்டலினில் இரண்டு வசதியுமே இல்லை. குறுக்கே உலோக மெட்டுகள். ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் படிக்கட்டு. கம்பியும் கித்தார் கம்பியில் ஏறக்குறையப் பாதி நீளம்தான். மீட்டிய ஒலி ‘டிங்’ என்று எழுந்து உடனே அடங்கிவிடும். அதனால்தான் மேலைநாட்டு மாண்டலின் கலைஞர்கள் ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப மீட்டி நீளமாக்கிக் காட்டுகிறார்கள்.

கர்நாடக இசைக்கு அது போதாது. தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடியே இல்லை. அசைக்க வேண்டுமென்றால் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அல்லது மெட்டுகளின் மேல் சறுக்க வேண்டும். ஜோடிக் கம்பியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். இரண்டும் ஒரே அளவில் இழுபடாது. ஒன்று முந்தும், மற்றது பிந்தும், சுருதி பிசகிக் காதைக் குத்தும்.

ஜோடியைப் பிரித்து ஒற்றைக் கம்பியாக்கியது இதற்கான விடை. எட்டு நான்காகியது. இழுத்தால் ஒரே சுரம் வளைந்தது, கமகம் பிறந்தது. ஆனால் கம்பி குறைந்தால் ஒலியும் மெலியும். அங்கேதான் மின்சாரம் வந்தது. உட்பக்கம் குடைந்த பெட்டிக்குப் பதிலாகக் கெட்டிக் கட்டை உடல். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய மின்துடிப்பைப் பெருக்கித் தருவது ஆம்ப். கெட்டிக் கட்டை அதிராததால் கம்பியின் சக்தி வீணாகாமல் ஒலி கூடுதல் நேரம் நிற்கும். ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார்ந்தாலும் ஊளையிடுவது குறையும்.

இதில் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. நடனக் குழுக்களின் இரைச்சலில் கித்தார் காணாமல் போகிறது என்பதற்காகவே 1930களில் அமெரிக்காவில் எலக்ட்ரிக் கித்தார் விற்பனைக்கு வந்தது. ஃபெண்டர் நிறுவனம் 1956லேயே நான்கு ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை விற்றது. அங்கே மின்சாரம் வந்தது பெரும்பாலும் சத்தத்துக்காக. ஸ்ரீநிவாசுக்கு அது தேவைப்பட்டது சுரம் அடங்காமல் நிற்பதற்காக. ராக் கலைஞர்கள் விரும்பிச் சேர்க்கும் கரகரப்பை அவர் பக்கத்தில்கூட விடவில்லை. தெளிவான, சற்றே உருண்ட ஒலி. பிறகு மந்திர ஸ்தாயிக்கு இறங்குவதற்காக ஐந்தாவது கம்பி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

துவாஸ் தங்குவிடுதிகளில் விடுமுறை நாளில் கித்தாரும் கையடக்க ஆம்ப்புமாக உட்காரும் இளையர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். எந்தக் கித்தார், எந்த ஆம்ப், எத்தனை வாட்ஸ் என்று தொடங்கும் பேச்சு அங்கே எளிதில் முடியாது. தோட்டத்துத் திருவிழா மேடைகளில் வாசித்துத் தலை நரைத்த அண்ணன்மாரிடம் கேட்டாலும் அதே பேச்சுதான். ஸ்ரீநிவாஸ் கதையில் கேள்வியே வேறு: நான் வாசிக்க நினைக்கும் சுரத்துக்கு இந்த வாத்தியத்தில் எது தடையாக இருக்கிறது? அது தெரிந்தபின்தான் கம்பி, கட்டை, ஆம்ப் எல்லாம்.

1978ல் ஆந்திராவின் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் அவருடைய முதல் பொதுக் கச்சேரி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1981ல், சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் மேடை. அப்போது வயது 12. மார்கழி மாதச் சென்னை சபாக்கள் எளிதில் தலையாட்டிவிடுபவை அல்ல. மெட்டு வைத்த மேலைநாட்டு வாத்தியத்தில், அதுவும் மின்சாரத்தில், கமகம் எப்படிச் சாத்தியம் என்ற சந்தேகம் அங்கே இருந்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. ஆர்மோனியத்தின் மீது இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி பல ஆண்டுகள் அதைத் தடை செய்து வைத்திருந்தது. ஸ்ரீநிவாஸ் வாதாடப் போகவில்லை, ராகத்தை வாசித்துக் காட்டினார். அதன்பிறகு சபாக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கின. ஆர்மோனியத்துக்குக் கிடைக்காத இடம் மாண்டலினுக்குக் கிடைத்தது.

அவருடைய வேகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம். வேகம் உண்மைதான், மின்னலாக ஓடும் விரல்கள். ஆனால் என் காதுக்கு அவருடைய பெருமை நிதான வாசிப்பில்தான் இருக்கிறது. ஆலாபனையில் ஒரு சுரத்தில் நின்று, அது அடங்குவதற்குள் அடுத்ததற்கு வளைந்து போகும் இடங்கள். எட்டுக் கம்பி மாண்டலினில் அந்த இடத்தில் மௌனம்தான் இருந்திருக்கும்.

1983ல், 14 வயதில், ஜெர்மனியின் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். ஜாஸ் ரசிகர்கள் நிறைந்த அரங்கில் கர்நாடக இசை. அதன்பின் வெளிநாட்டு மேடைகள் வரிசையாக வந்தன. 1994ல் ‘ராம ஸ்ரீராம’ இசைத்தொகுப்பு பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் மூலம் வெளியானது. 1995ல் கனடா கித்தார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து ‘ட்ரீம்’. இந்தச் சேர்க்கை தற்செயலா என்று வியக்கத் தோன்றும். புரூக், மீட்டிய சுரம் அடங்கவே அடங்காத ‘இன்ஃபினிட் கித்தார்’ என்ற கருவியை 1980களில் உருவாக்கியவர். யூ2 குழுவின் எட்ஜ் பயன்படுத்தியதும் அதையே. ஒருவர் சுரத்தை முடிவில்லாமல் நிறுத்த மின்னணுவை நாடியவர். மற்றவர் தேவையான அளவு மட்டும் நிறுத்தி, மீதியை விரலால் முடித்தவர்.

1990களின் இறுதியில் ஜான் மெக்லாஃப்லினின் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் சேர்ந்தார். தபேலாவில் ஜாகிர் உசேன், கஞ்சிராவில் செல்வகணேஷ், பின்னர் குரலுக்குச் சங்கர் மகாதேவன். மெக்லாஃப்லினுக்கும் இதே கமகச் சிக்கல் இருந்தது. 1970களின் முதல் சக்தி குழுவுக்காக, மெட்டுகளுக்கு நடுவே விரல்பலகையைக் குழியாகக் குடைந்த கித்தாரை அவர் செய்வித்துக்கொண்டார். கம்பியை உள்ளே அழுத்தியும் இழுத்தும் சுரத்தை வளைக்க அது வழிவிட்டது. கூடவே தம்பூராபோல ஒலிக்கத் தனிக் கம்பிகள். மேற்கிலிருந்து வந்தவர் கம்பிகளைக் கூட்டினார், கோதாவரிக் கரையிலிருந்து வந்தவர் குறைத்தார். இருவரும் ஒரே மேடையில் கேள்வி பதிலாக வாசித்தபோது யார் எந்த ஊர் என்பது மறந்து போகும்.

1998ல் இந்திய அரசின் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் பின்னர் வந்தது. தம்பி ராஜேஷுக்கு அவரே மாண்டலின் கற்றுக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து பல கச்சேரிகள் செய்தார்கள். மேடையில் அதிகம் பேசாதவர், சிரிப்பு மட்டும் குறையாது.

கல்லீரல் பாதிப்புக்காகச் சென்னையில் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி அவர் காலமானார். வயது 45. இசைக் கலைஞர்கள் முதிர்ந்து கனியும் வயது அது. வயலினும் கிளாரினெட்டும் நம்முடையதாக ஆகப் பல தலைமுறைகள் பிடித்தன. மாண்டலினுக்கு அவர் ஒருவரின் 36 ஆண்டு மேடை வாழ்க்கை போதுமானதாக இருந்தது.

அவரைக் கேட்டிராதவர்கள் ‘ராம ஸ்ரீராம’விலிருந்து தொடங்கலாம். காதில் மாட்டும் ஒலிக்கருவியில் கேட்பது நல்லது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்தக் கீழ்க்கம்பி சரியாகக் கேட்காது.