ரொட்டிக் கடைக்காரர் மகன்

பைக்கை உதைத்துக் கிளப்புகிறோமே, பெட்ரோலில் ஓடும் இரு சக்கர வண்டியை முதலில் செய்தது யார் என்று யோசித்திருக்கிறோமா? அவர் காட்லீப் டெய்ம்லர். நம்மைப் போல பாலிடெக்னிக்கில் படித்தவர்தான்!

ஜெர்மனியில் ஷோர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் 1834-ல் ரொட்டிக் கடைக்காரர் மகனாகப் பிறந்தார். துப்பாக்கி செய்யும் பட்டறையில் தொழில் பழகி, 1852-ல் இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி செய்துகாட்டித் தேறினார். கைத்தொழில் இருந்தும் அதோடு நிற்கவில்லை. 1857-ல், 23 வயதில், ஸ்டுட்கார்ட் பாலிடெக்னிக்கில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தார்.

பிறகு ராய்ட்லிங்கனில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்று நடத்திய தொழிற்சாலையில் வேலை. அங்கே வளர்ந்த அநாதைப் பையன் வில்ஹெல்ம் மேபாக், டிராயிங்கில் கெட்டிக்காரன். அவனைக் கண்டுகொண்டார் டெய்ம்லர். கடைசிவரை இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

1872-ல் டாய்ட்ஸ் கம்பெனி. நாம் படிக்கிற 'ஆட்டோ சைக்கிள்' ஆட்டோவின் கம்பெனிதான் அது. 1876-ல் அங்கே ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பிறந்தது. ஆனால் அது நிமிஷத்துக்கு 200 சுற்றுகூட சுற்றாத கனத்த எஞ்சின். ஒரே இடத்தில் நின்றுதான் ஓடும். டெய்ம்லருக்கோ வண்டியில் வைக்கிற மாதிரி சின்ன எஞ்சின் வேணும். ஆட்டோவோடு ஒத்துப்போகவில்லை. 1882-ல், 48 வயதில், வெளியேறினார்.

கான்ஸ்டாட்டில் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடில்தான் பட்டறை. கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பகலாகத் தட்டும் சத்தம். கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று போலீஸே வந்துவிட்டதாம்! பார்த்தால் வெறும் ஸ்பேனரும் எஞ்சினும்தான்.

1885-ல் வண்டி தயார். மரச் சட்டம், 264 சிசி, அரை குதிரைத்திறன், 600 ஆர்பிஎம். விழாமலிருக்க இரு பக்கமும் குட்டிச் சக்கரம். நவம்பரில் அவர் மகன் அதில் உன்டர்டுர்க்ஹைம் வரை ஓட்டிப் போனான். இக்னிஷனுக்காகச் சூடாக்கிய குழாய் சீட்டுக்கு அடியில் இருந்ததால், சீட்டில் தீப்பிடித்துவிட்டது!

அடுத்த வருஷமே நாலு சக்கர வண்டியில் எஞ்சினை வைத்தார், படகிலும் வைத்தார். 1890-ல் கம்பெனி ஆரம்பித்தும், பணம் போட்டவர்களோடு தகராறு. ஒதுங்கியவர் 1895-ல்தான் திரும்ப வந்தார். 1900 மார்ச்சில் காலமானார். அந்த முதல் வண்டியும் 1903-ல் தொழிற்சாலைத் தீயில் போயிற்று. இன்று மியூசியத்தில் இருப்பவை அதன் மாதிரிகள்தான்.

நண்பர்களே, எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன செமஸ்டரில் தெர்மலில் அரியர். லேத் ஓட்டத் தெரியுமே, படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா என்றுகூட நினைத்தேன். கைத்தொழில் தெரிந்த பிறகும் கிளாசில் போய் உட்கார்ந்த டெய்ம்லரைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஃபைல் பிடித்த கைக்குப் புத்தகமும் வேணும். அரியரை எழுதியே தீருவேன். நீங்களும் எழுதுங்க!