மயக்கத்தை அளந்த மனிதர்

ஆபரேஷன் என்றால் இன்றைக்கு நமக்கு என்ன தெரியும்? மயக்க மருந்து கொடுப்பார்கள், கண் விழித்தால் கட்டுப் போட்டிருக்கும். 1846-க்கு முன்னால் கதையே வேறு. நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலற டாக்டர் அறுப்பார். எவ்வளவு வேகமாக அறுக்கிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று பேர்! அந்த வேதனையைப் போக்கியவர்களில் ஒருவர்தான் ஜான் ஸ்னோ.

இங்கிலாந்தில் யார்க் நகரில் 1813 மார்ச் 15-ஆம் தேதி பிறந்தார். அப்பா நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலேயோ என்னவோ, இதைப் படித்ததும் இவர் மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. 14 வயதில் நியூகாசிலில் ஒரு சர்ஜனிடம் தொழில் பழகப் போனார். 1836-இல் லண்டனுக்கு வந்து படித்தார். 1844-இல் எம்.டி. பட்டம் வாங்கும்போது வயது 31.

1846 அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஒரு நோயாளியை ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்து மயக்கிக் காட்டினார். வலி தெரியாமல் ஆபரேஷன் நடந்தது. டிசம்பருக்குள் செய்தி லண்டனுக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். ஒருத்தர் நன்றாகத் தூங்கினார், இன்னொருத்தர் பாதி மயக்கத்தில் துள்ளினார். ஈதரே சரியில்லை என்று சிலர் ஒதுக்கினார்கள். ஸ்னோ வேறு மாதிரி யோசித்தார். எவ்வளவு ஆவி உள்ளே போகிறது என்று யாராவது அளந்தார்களா?

பெட்ரோல் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும் இல்லையா? ஈதரும் அப்படித்தான். ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற ஈதர் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் ஆவி குறையும். எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் ஆவி கலக்கும் என்று 1847-இல் அட்டவணையே போட்டார் ஸ்னோ. பிறகு ஒரு கருவி செய்தார். ஈதர் இருக்கும் உலோகப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். வெப்பநிலை மாறவில்லை, அளவும் மாறவில்லை. நம்ம தெர்மல் பாடம்தான், ஆனால் ஒரு உயிர் அதில் தொங்குகிறது!

மயக்கம் மூளையில் எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்று கவனித்து ஐந்து நிலைகளாகப் பிரித்தார். முதலில் புத்தி மங்கும், அப்புறம் நினைவு போகும், கடைசியில் மூச்சே நிற்கும். ஐந்தாவது நிலைக்கு நோயாளியைக் கொண்டுபோகவே கூடாது.

அதே வருஷம் குளோரோஃபார்ம் வந்தது. ஈதரைவிடச் சுலபம், துணியில் ஊற்றி மூக்கில் பிடித்தால் போதும். 1848 ஜனவரி 28-இல் நியூகாசில் பக்கத்தில், கால் விரல் நகத்தை எடுப்பதற்காக ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். சில நிமிஷத்தில் செத்துப்போனாள். ஒரு நகத்துக்காக ஒரு உயிர்! துணியில் கொடுத்தால் திடீரென்று ஆவி அதிகமாகி இதயம் நின்றுவிடும் என்பது ஸ்னோவின் முடிவு. குளோரோஃபார்ம் ஆவி காற்றில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார். அதற்கும் கருவி செய்தார். சுமார் 4000 பேருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்திருக்கிறார். 1853-இலும் 1857-இலும் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டவரும் இந்தக் கூலிக்காரர் மகன்தான்.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெருக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துச் சொன்னவரும் இவரே.

குளோரோஃபார்ம் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கி, 1858 ஜூன் 16-இல் இறந்தார். வயது 45தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வருஷமே புத்தகம் வெளிவந்தது. குளோரோஃபார்மால் நேர்ந்த 50 மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தவறு நடந்தது என்று அதில் ஆராய்ந்திருக்கிறார்.

இன்று குளோரோஃபார்ம் ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. ஆனால் மயக்க ஆவி தரும் கருவியில் சதவீதம் குறித்த டயல் இருக்கிறது, வெப்பநிலை மாறினாலும் அளவு மாறாத ஏற்பாடும் இருக்கிறது. அது ஸ்னோ போட்ட பாதை.

நண்பர்களே, லேபில் ரீடிங் எடுக்கும்போது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதத் தோன்றினால், அந்த 15 வயதுப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். நாளைக்கு நாம் அளக்கும் அளவை நம்பி எங்கேயோ ஒரு உயிர் இருக்கும்.

– இரண்டாமாண்டு, மெக்கானிக்கல் பிரிவு